விசில் வராத குக்கர்

ஜூன் 4, புதன்

மகள் சுகந்தி கோயம்புத்தூரிலிருந்து அனுப்பிய கரண்ட் குக்கர் இன்று காலை வந்து சேர்ந்தது. பிரித்துப் பார்த்தால் கோயில் உண்டியல் மாதிரி உருண்டு நிற்கிறது. முன்பக்கம் பதினாலு பொத்தான்கள். முப்பத்தொரு வருஷம் தாராபுரம் டெப்போவில் கண்டக்டராக இருந்தவன் நான். டிக்கெட் மெஷின் கையில் வந்தபோது நான் பட்ட பாட்டை டெப்போவே வேடிக்கை பார்த்தது. இப்போது ஓய்வுக்குப் பிறகு இது.

சுகந்தி போனில் சொன்னாள்: "அப்பா, இதுல நெருப்பே கெடையாதுங்க. வெந்து முடிஞ்சா அதுவே நின்னுக்கும். அம்மா தொட்டாலும் ஒண்ணும் ஆகாது. இனி கேஸ் அடுப்பே வேண்டாங்கப்பா, கழட்டிருங்க."

கழற்றிவிட்டேன். ரெகுலேட்டரைத் துணியில் சுற்றி பீரோவில் வைத்துப் பூட்டினேன். மனைவி துளசிமணி சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏனுங்க, அடுப்ப எங்கீங்க கொண்டு போறீங்க?" என்றாள். ரிப்பேருக்கு என்றேன்.

போன மாதம் இருபதாம் தேதி நடந்ததற்குப் பிறகு வேறு வழியில்லை. அன்று குக்கர் அடியில் தண்ணீரில்லாமல் கருகி, வீடெல்லாம் புகை. அடுத்த வீட்டு ஈஸ்வரி ஓடி வந்தபோது துளசிமணி அடுப்பருகில் நின்றிருந்தாள். அவளுக்கு மறதி நோய் என்று டாக்டர் சொல்லி இரண்டு வருஷம் ஆகிறது. அதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 5, வியாழன்

முதல் நாள் சமையல். மூடியை எந்தப் பக்கம் திருகுவது என்று தெரிந்துகொள்வதற்கே அரை மணி நேரம். சோறு களியாகிவிட்டது. ரசம் வைத்து ஒப்பேற்றினேன். நான் சாப்பிட்டேன், துளசிமணி தொடவில்லை. களியை யார்தான் சாப்பிடுவார்கள், நாளைக்குத் தண்ணீரைக் குறைத்து வைக்க வேண்டும்.

ஜூன் 7, சனி

சோறு இன்று உதிரி உதிரியாக வந்தது. பருப்பும் நன்றாக மசிந்திருந்தது. அப்படியும் அவள் தட்டைத் தள்ளிவிட்டாள். இப்போதுதான் காரணம் தெரிந்தது. "விசிலே வரலீங்களே," என்கிறாள். விசில் வராவிட்டால் சோறு வேகவில்லை என்று அர்த்தமாம்.

அவளுக்கு இன்று என்ன கிழமை என்று தெரியாது. சில நாள் என்னையே அவள் பெரியப்பா என்று நினைத்துக்கொள்வாள். ஆனால் குக்கர் விசில் மட்டும் தப்பாது. எந்த அறையில் இருந்தாலும், அரைத் தூக்கத்தில் இருந்தாலும், எண்ணிக்கொண்டே இருப்பாள். எங்கள் வீட்டுக் கணக்கு மட்டுமல்ல. சுவருக்கு அந்தப் பக்கம் ஈஸ்வரி வீட்டுக் குக்கருக்கும் இவள்தான் காவல். "மூணாச்சு, அணைச்சுரு ஈஸ்வரி!" என்று இங்கிருந்தே சத்தம் போடுவாள். "அக்கா இருக்கறப்ப எனக்கெதுக்குங்கண்ணா கடிகாரம்?" என்பாள் ஈஸ்வரி.

இந்த உண்டியலுக்கு விசில் கிடையாது. வேலை முடிந்தால் கீச் கீச்சென்று பத்து தடவை கத்துகிறது, எலிக்குஞ்சு மாதிரி.

ஜூன் 8, ஞாயிறு

இரண்டு வாழைப்பழம். ஒரு டம்ளர் பால். அவ்வளவுதான் அவள் சாப்பிட்டது.

ஜூன் 11, புதன்

அரிசியும் பருப்பும் வைத்தேன். எங்கள் பக்கத்தில் அடுப்படி தெரியாதவனுக்குக்கூட இது தெரியும். உள்பாத்திரத்திலேயே எண்ணெய் காய வைத்து, கடுகு, சீரகம், நசுக்கிய பூண்டு, ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், தக்காளி, மஞ்சள்தூள் எல்லாம் வதக்கி, ஊறிய அரிசியையும் துவரம்பருப்பையும் கொட்டி, அளவாகத் தண்ணீர் ஊற்றி மூடினேன். பன்னிரண்டு நிமிஷம். திறந்தபோது வந்த வாசனையில் எனக்கே பெருமையாக இருந்தது. மேலே நெய் ஊற்றினேன்.

வாசனைக்கு அவளே எழுந்து வந்துவிட்டாள். தட்டின் முன் உட்கார்ந்து, பிசைந்து, ஒரு வாய் எடுத்தாள். வாய்க்குக் கொண்டுபோன கை பாதியில் நின்றது.

"எத்தன விசில் உட்டீங்க?"

"இதுல விசில் வராது அம்மிணி. இது வேற குக்கர்."

"வேகாத அரிசியத் திங்கறதுக்கு நான் என்னுங்க கோழியா?" என்று சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஒரு மணி நேரம் நின்று செய்தது. "அன்னிக்கு நீ பண்ணுன கூத்துக்குத்தான் இந்த குக்கர் வந்து உக்காந்திருக்குது! வீட்டையே கொளுத்தப் பாத்தவ நீ!" என்று கத்திவிட்டேன். அவள் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நானுங்களா?" என்றாள். "நீதான்," என்றேன்.

இதை எழுதாமல் விட்டிருக்கலாம்.

ஜூன் 14, சனி

டாக்டரிடம் போனோம். போன மாதம் நாற்பத்தாறு கிலோ இருந்தவள் இன்று நாற்பத்திரண்டு. ரத்தத்தில் ஒரு குறையும் இல்லை, சாப்பாடுதான் போகவில்லை என்றார். சாப்பிடாமல் இருந்தால் படுக்கையில் விழுந்துவிடுவாள் என்றும் சொன்னார்.

சுகந்தியிடம் சொன்னேன். எடை எவ்வளவு என்று திருப்பிக் கேட்டாள். பிறகு, "இங்க எங்க வீட்டுப் பக்கத்துலயே ஒரு இல்லம் இருக்குதுங்கப்பா. மறதி இருக்கறவங்களுக்குன்னே நடத்தறாங்க. நர்ஸுங்க எல்லாம் இருக்காங்க. நான் தெனமும் போய்ப் பாத்துக்குவேன். அடுப்பப் பத்தவெச்சுட்டு மறக்கற நெலமைக்கு வந்துட்டாங்க, சாப்பாடும் எறங்கறதில்ல. ஆடி பொறக்கறதுக்குள்ள கூட்டிட்டு வந்தர்லாங்க," என்றாள்.

உன் அப்பாவையும் அங்கேயே சேர்த்துவிடு என்று கேலியாகச் சொன்னேன். அங்கே மறதி உள்ளவர்களை மட்டும்தான் சேர்ப்பார்களாம். அவள் கேலியாகச் சொல்லவில்லை.

துளசிமணிக்கு இந்த வீட்டில் இருட்டில்கூட வழி தெரியும். வேறு இடத்தில் கழிப்பறை எது என்று யாரைக் கேட்பாள்?

ஜூன் 15, ஞாயிறு

காலையில் டிரங்குப் பெட்டியில் அவளுடைய ஆதார் கார்டைத் தேடினேன். அடியில் என் பழைய கண்டக்டர் விசில் கிடைத்தது. கறுப்புக் கயிறு இற்றுப் போயிருந்தது. கழுவித் துடைத்து ஊதிப் பார்த்தேன். இன்னும் சத்தம் வருகிறது, எனக்குத்தான் மூச்சு குறைந்துவிட்டது.

மத்தியானம் குக்கர் கீச்சிட்டதும் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு ஒரு ஊதல் ஊதினேன்.

உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "ஒண்ணு."

பத்து எண்ணிவிட்டு மறுபடி ஊதினேன். "ரெண்டு."

மூன்றாவதையும் ஊதினேன். "மூணாச்சு, அணைங்க!" என்றாள், அதே பழைய அதட்டலோடு.

இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டாள். புளிக்குழம்பில் உப்பு கம்மி என்று குறை வேறு சொன்னாள். நான் பின்பக்கக் குழாயடிக்குப் போய் முகம் கழுவுகிற சாக்கில் அழுதேன். கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் அவள் சொன்ன குறை ஒன்றுகூட இவ்வளவு இனித்ததில்லை.

பஸ்ஸில் ஒரு விசில் கொடுத்தால் நிற்கும், இரண்டு கொடுத்தால் கிளம்பும். மூன்றாவதுக்கு எங்கள் ரூட்டில் வேலையே இருந்ததில்லை.

ஜூன் 19, வியாழன்

நேற்று கொள்ளுப் பருப்பு, இன்று கீரை கடைசலும் தட்டப்பயறும். மூன்று வேளையும் சாப்பிடுகிறாள். ரேஷன் கடைத் தராசில் ஏற்றிப் பார்க்கலாமா என்று தோன்றுகிறது, அவ்வளவு தெம்பாக இருக்கிறாள்.

நான் விசில் ஊதினால் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஈஸ்வரி, "ஏனுங்க நாச்சிமுத்தண்ணா, வண்டி பழநி போகுதுங்களா?" என்று கேட்கிறாள். "உள்ள ஏறி வாம்மா, படில நிக்காதே," என்றேன். வெகு நாளைக்குப் பிறகு வீட்டில் சிரிப்புச் சத்தம்.

ஜூன் 24, செவ்வாய்

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பருப்புக் கிண்ணத்தை உள்ளே வைத்து மூடிவிட்டு, பேப்பர் படிக்க உட்கார்ந்துவிட்டேன். கால் மணி நேரம் கழித்து குக்கர் விட்டுவிட்டுக் கத்தியது. திறந்து பார்த்தால் அடியில் ஊற்ற வேண்டிய தண்ணீரை ஊற்றவே இல்லை. கரண்ட் குக்கர் என்பதால் தானாகவே நின்றுகொண்டது.

துளசிமணி பின்னால் வந்து நின்றாள். "விசில் வரலீங்களே. அடியில தண்ணி ஊத்தலயாட்ட இருக்குது. அன்னிக்காட்டவே பண்ணீட்டீங்க," என்றாள்.

"என்னிக்காட்ட?"

"பொகை வந்துச்சே, அன்னிக்குத்தான். ஒண்ணு வருமா ஒண்ணு வருமான்னு படுத்துட்டே கேட்டுட்டிருந்தேன். வரவே இல்ல. என்னமோ ஆயிப்போச்சுன்னு எந்திரிச்சுப் போயி அணைச்சேன். குக்கர எறக்கப் பாத்தேன், கை பொத்துப்போச்சு." உள்ளங்கையைக் காட்டினாள். காய்ந்த தழும்பு இருந்தது. அதற்கு ஒரு வாரம் மருந்து போட்டவன் நான்தான். போடும்போதெல்லாம் திட்டிக்கொண்டே போட்டேன்.

மே இருபதாம் தேதி குக்கரை அடுப்பில் வைத்தது நான். அதற்கு முந்தின மாதமே அவளை அடுப்பருகில் விடுவதை நிறுத்தியிருந்தேன். பத்தரை மணிக்கு வைத்துவிட்டு, ஐந்து நிமிஷத்தில் வந்துவிடலாம் என்று டீக்கடைக்குப் போனேன். என்னோடு வண்டி ஓட்டிய டிரைவர் பழனியப்பன் அங்கே இருந்தார். பேச்சு பழைய ரூட்டெல்லாம் சுற்றி வந்தது. நான் திரும்பும்போது மணி பதினொன்றரை. வாசலில் நின்ற ஈஸ்வரி, "அக்கா பத்தவெச்சுட்டு மறந்துட்டாங்களாண்ணா?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான் செய்தேன். சாயங்காலம் சுகந்தி போன் செய்தபோது ஈஸ்வரி ஏற்கெனவே சொல்லியிருந்தாள். மறுப்பதற்கு நான் வாயைத் திறக்கவில்லை.

அடுப்பை அணைத்து வீட்டைக் காப்பாற்றியவள் அவள். விசிலை எண்ணுகிற பழக்கம்தான் அவளை எழுப்பியிருக்கிறது. அவளுக்கு மிச்சமிருந்த அந்த ஒன்றையும் நான் பிடுங்கிவிட்டு, ஊரெல்லாம் பழியும் போட்டிருக்கிறேன்.

ஜூன் 25, புதன்

சுகந்திக்குப் போன் செய்து சொல்ல வேண்டும்.

ஜூன் 26, வியாழன்

போன் செய்தேன். மாம்பழம் அனுப்பட்டுமா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

சொன்னால் என்ன ஆகும் என்று நேற்றெல்லாம் யோசித்தேன். அடுப்பை மறந்தது அப்பாதான் என்று தெரிந்தால், அம்மாவை அப்பாவிடம் விட்டுவைக்க இன்னும் பயப்படுவாள். சொல்லாவிட்டால் அம்மாவால் ஆபத்து என்று அழைத்துப் போவாள். எப்படிப் பார்த்தாலும் போவது துளசிமணிதான். இப்படி எழுதினால் நியாயம் மாதிரி இருக்கிறது. உண்மையில் எனக்கு வெட்கம். அதுதான் காரணம்.

ஜூலை 2, புதன்

பால்காரி வந்தபோது துளசிமணி கதவைத் திறந்து, அவள் கேட்காமலேயே சொன்னாள்: "நாந்தான் அடுப்ப மறந்து உட்டுட்டேன். வீடே எரிஞ்சிருக்கும். இவரு பாவம், ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

மத்தியானம் ஈஸ்வரியிடம் அதையே சொன்னாள். சாயங்காலம் கண்ணாடி முன் நின்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

போன வாரம் அவளே சொன்ன உண்மை அவள் ஞாபகத்தில் இல்லை. டாக்டர் வீட்டுக்குப் போனது இல்லை. காலையில் இட்லி சாப்பிட்டது இல்லை. இரண்டு வருஷமாக எதுவும் தங்காத தலையில் இது மட்டும் தங்கிவிட்டது. நானும் சுகந்தியும் ஈஸ்வரியும் தினம் ஒரு தடவையாவது "அன்னிக்கு என்ன பண்ணுன, ஞாபகம் இருக்குதா?" என்று கேட்டுக் கேட்டுப் பதிய வைத்த பாடம். எறும்பூரக் கல்லும் தேயும் என்பார்கள்.

கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்ல அம்மிணி, நாந்தான். நீ அணைச்ச," என்றேன். தலையை ஆட்டினாள். பத்து நிமிஷம் கழித்து வந்து, "ஏனுங்க, அடுப்ப அணைச்சுட்டனுங்களா?" என்று கேட்டாள்.

ஜூலை 5, சனி

நாற்பத்தி நாலு கிலோ. இதைச் சொன்னால் சுகந்தி மனம் மாறுவாள் என்று நினைத்தேன். "சந்தோஷங்கப்பா, அங்க இன்னும் நல்லாப் பாத்துக்குவாங்க," என்றாள். இடம் உறுதியாகிவிட்டதாம். பதின்மூன்றாம் தேதி, ஆனி முடியுமுன்.

ஜூலை 9, புதன்

தினமும் ஒரு தடவை அவளிடம் உண்மையைச் சொல்கிறேன். தினமும் அவள் தலையாட்டுகிறாள். தினமும் போய்விடுகிறது.

ஜூலை 12, சனி

சுகந்தி காரில் வந்தாள். அம்மாவுக்குப் புது நைட்டி நான்கு, பெயர் எழுதி ஒட்டிய செருப்பு, எல்லாம் வாங்கி வந்திருக்கிறாள்.

மத்தியானம் அரிசியும் பருப்பும்தான் வைத்தேன். விசிலை எடுத்து ஊதியபோது சுகந்தி முதலில் சிரித்தாள். உள்ளேயிருந்து "ஒண்ணு" என்று குரல் வந்ததும் சிரிப்பு நின்றது. மூன்றாவதுக்கு அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

மூவரும் உட்கார்ந்தோம். துளசிமணி ரசித்துச் சாப்பிட்டாள். இப்போது விட்டால் இனி இல்லை என்று தோன்றியது.

"சுகந்தி, அன்னிக்குக் குக்கர அடுப்புல வெச்சது நானு சாமி. தண்ணி ஊத்த மறந்தது நானு. டீக்கடைல பேசிட்டு நின்னுட்டேன். உங்கம்மாதான் எந்திரிச்சு வந்து அணைச்சா. அதுலதான் அவ கை பொத்துச்சு."

சுகந்தி பிசைந்த கையோடு என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். "நெசமாம்மா?"

துளசிமணியின் முகம் பயந்துபோனது. தட்டை நகர்த்திவிட்டு எச்சில் கையோடு மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவர ஒண்ணும் சொல்லாத கண்ணு. நாந்தான் மறந்து உட்டுட்டேன். இனிமே அடுப்புக்கிட்டயே போக மாட்டேன். அவர வையாத."

"இல்ல சாமி, அவ சொல்றது…" என்று நான் ஆரம்பித்தேன்.

"அப்பா." சுகந்தியின் கண் நிறைந்திருந்தது. "அம்மாவ அனுப்ப உங்களுக்கு மனசில்ல. எனக்குத் தெரியாதுங்களா? அதுக்காகப் பழிய உங்க மேல இழுத்துப் போட்டுக்காதீங்க."

ஈஸ்வரியைக் கூப்பிட்டேன். அவள் சுவரோரம் வந்து நின்று, "நான் கேட்டப்ப அக்காதான்னு தலையாட்டுனீங்களேண்ணா?" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை.

இந்த நோட்டைக் காட்டிவிடலாம் என்று எடுத்தேன். முதல் பக்கத்தைப் படித்தேன். அங்கேயும் நான் அதே தலையாட்டலைத்தான் எழுத்தில் செய்து வைத்திருக்கிறேன். இருபத்திநாலாம் தேதிப் பக்கத்தை நேற்று எழுதியது என்று அவள் நினைத்தால் நான் என்ன சொல்வேன்? மூடி பீரோவில் வைத்துவிட்டேன்.

எதையும் நம்பாமல் இருக்க என் மகளுக்கு உரிமை இருக்கிறது. ஐம்பத்து மூன்று நாள் பொய்யை நம்ப வைத்தவன் ஒரு நாள் உண்மையை நம்பச் சொன்னால் எப்படி?

ஜூலை 13, ஞாயிறு

ஒன்பதரைக்கு மேல் நல்ல நேரம்.

சுகந்தியிடம் சொல்லிக் கொடுத்தேன்: "சாப்பாடு வெக்கறதுக்கு முன்னால மூணு தடவ ஊதச் சொல்லு. நடுவுல பத்து எண்ணோணும். சேத்து ஊதுனா அவ கணக்குல எடுத்துக்க மாட்டா. 'மூணாச்சு'ன்னு அவ சொன்ன பொறகுதான் தட்டு." அவள் அதைக் கைப்பேசியில் எழுதிக்கொண்டாள்.

துளசிமணி பட்டுச்சேலை கட்டியிருந்தாள். பழநிக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டாள். நான் திருத்தவில்லை. பின்சீட்டில் உட்கார வைத்து பெல்ட் மாட்டினோம். "நீங்க ஏறலீங்களா?" என்றாள். அதற்குள் புதுக் கயிற்றில் என் கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்துவிட்டாள். "ஓ, டூட்டிங்களா," என்று தானே சமாதானமானாள்.

சுகந்தி வண்டியைக் கிளப்பினாள். கிளப்பியவள் ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள், வண்டி நகரவில்லை. துளசிமணி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள்.

"ஏனுங்க, எத்தன நேரம் நிறுத்தி வெப்பீங்க? ரெண்டு விசில் குடுங்க, வண்டி எடுக்கட்டும்."

விசிலை வாயில் வைத்தேன். ஒன்று ஊதினேன். ஒன்றோடு விட்டுவிட்டால் வண்டி நிற்க வேண்டும் என்று அர்த்தம். முப்பத்தொரு வருஷம் அப்படித்தான். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், இரண்டாவதுக்காகக் காத்திருந்தாள்.

இரண்டாவதையும் கொடுத்தேன். கயிற்றோடு கழற்றி அவள் மடியில் போட்டேன். வண்டி போய்விட்டது.

ஜூலை 14, திங்கள்

சமைக்கவில்லை.

ஜூலை 17, வியாழன், ஆடி 1

சுகந்தி போன் செய்தாள். இல்லத்தில் ஊதுகிறார்களாம். முதல் நாள் நர்ஸ் சேர்த்து ஊதிவிட்டதால் சாப்பிடவில்லை. இப்போது பத்து எண்ணி ஊதுகிறார்கள், சாப்பிடுகிறாளாம். வருகிறவர்களிடமெல்லாம் அடுப்பை மறந்த கதையைச் சொல்கிறாளாம். "அதச் சொல்லாம இருக்க என்ன பண்றதுன்னு தெரியலீங்கப்பா," என்றாள். எனக்கும் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய், அவளிடம் மறுபடி சொல்லப் போகிறேன். ஒவ்வொரு ஞாயிறும் சொல்வேன்.

மத்தியானம் அரை டம்ளர் அரிசி வைத்தேன். குக்கர் கீச்சிட்டு அடங்கியது. தட்டில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். கை போகவில்லை. சோறு நன்றாகத்தான் வெந்திருந்தது, விரலால் நசுக்கிக்கூடப் பார்த்தேன். ஆறிக்கொண்டிருந்த சோற்றைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ.

சுவருக்கு அந்தப் பக்கம் ஈஸ்வரி வீட்டுக் குக்கர் ஒரு விசில் அடித்தது. பிறகு இரண்டாவது. மூன்றாவது வந்ததும் என்னை அறியாமலே சத்தமாகச் சொன்னேன்:

"மூணாச்சு, அணைச்சுரு ஈஸ்வரி."

அந்தப் பக்கம் குக்கரை இறக்கி வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு, "அணைச்சுட்டேனுங்கண்ணா," என்று குரல் வந்தது. அழுதிருப்பாள் போல.

அதற்குப் பிறகுதான் சோற்றில் கை வைத்தேன்.